காப்பி பல்ப்பர் தண்ணீருக்கு மின்தகடு: எங்கே வைப்பது, எப்படி ஓட்டுவது

ஐப்பசி மழை ஓய்ந்து பழம் சிவக்க ஆரம்பித்துவிட்டால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஏற்காடு என்று எந்தக் காப்பி மலைக்குப் போனாலும் பழத்தோல் உரிக்கும் இயந்திரமான பல்ப்பரின் சத்தம் கேட்கும். பல்ப்பர் ஹவுஸிலிருந்து ஓடைப் பக்கம் கொஞ்சம் இறங்கினால் வாடையும் வரும், புளித்த பழமும் அழுகிய முட்டையும் கலந்த மாதிரி ஒரு வாடை. அந்தத் தண்ணீரை மின்சாரம் செலுத்திச் சுத்தம் செய்ய முடியுமா என்று கேட்டால், முடியும். ஆனால் தண்ணீரில் இருக்கிற எல்லாவற்றையும் அது எடுக்காது. எதை எடுக்கும், எதை எடுக்காது என்று தெரியாமல் தகடும் பவர் சப்ளையும் வாங்கிப் போட்டால் கரண்ட் பில்தான் மிச்சம். அதனால் முதலில் கொஞ்சம் கணக்கு, அப்புறம் வேலை.

பல்ப்பரில் பழத்தோல் உரியும்போது வெளியேறும் தண்ணீரில் பெரும்பாலும் சர்க்கரை. ஊறப்போட்டு வழவழப்பு நீக்கிக் கழுவும் தண்ணீரில் பெரும்பாலும் பெக்டின், அதாவது அந்த வழவழப்பேதான். இரண்டிலும் தோலிலிருந்து இறங்கிய நிறப்பொருளும் துவர்ப்புப் பொருளும் இருக்கும். சர்க்கரை அன்றைக்கே புளிக்கத் தொடங்குவதால் பிஎச் 4 வரை இறங்கிவிடும். பழைய முறையில் தாராளமாகத் தண்ணீர் விடுகிற எஸ்டேட்டில் சிஓடி (தண்ணீரிலுள்ள கரிம அழுக்கை முழுதாக எரிக்க வேண்டிய ஆக்சிஜன் அளவு) லிட்டருக்குச் சில ஆயிரம் மில்லிகிராமில் இருக்கும், அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால் பத்தாயிரம், இருபதாயிரம் என்று ஏறும், அதற்கு மேலும் போகும். எண் ஏறுகிறதே என்று பயப்பட வேண்டாம். ஒரு டன் பழத்திலிருந்து கரைகிற அழுக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான், கொஞ்சம் தண்ணீரில் கரைந்தால் எண் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். குறைந்த தண்ணீரும் கூடுதல் செறிவும்தான் நமக்கு வசதி. எனவே எந்த மெஷினும் வாங்குவதற்கு முன் பல்ப்பருக்குப் போகிற குழாயின் வால்வைக் குறையுங்கள், உரித்த தோலைத் தண்ணீரோடு ஓடவிடாமல் சல்லடை வைத்து உடனே பிரித்தெடுங்கள். தோல் எவ்வளவு நேரம் தண்ணீரில் ஊறுகிறதோ அவ்வளவு சர்க்கரையும் நிறமும் இறங்கும்.

சரி, மின்சாரம். இதில் இரண்டு வேறு வேறு முறைகள் இருக்கின்றன, விற்பவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவார்கள்.

முதல் முறையில் அலுமினியத் தகடோ இரும்புத் தகடோ தண்ணீரில் நிறுத்தி நேர்மின்சாரம் கொடுக்கிறோம். பிளஸ் பக்கத் தகடு கரைந்து அலுமினியம் தண்ணீருக்குள் வரும், மைனஸ் பக்கத்தில் ஹைட்ரஜன் குமிழி கிளம்பும். கரைந்த அலுமினியம் ஹைட்ராக்சைடாக மாறிப் பஞ்சுபோலத் திரளும், மிதக்கும் தூசி, பெக்டின், நிறம் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். சில திரள் குமிழியோடு மேலே வந்து நுரையாக நிற்கும், சில கீழே படியும். குடிநீர்த் தொட்டியில் படிகாரம் போடுகிற அதே வேதியியல்தான் இது, படிகாரத்தைத் தகட்டிலிருந்தே தயாரித்துக்கொள்கிறோம். படிகாரத்தோடு வருகிற சல்பேட் உப்பு மட்டும் இங்கே வராது. இதை மின்திரட்டல் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது முறையில் தகடு கரையாது. டைட்டானியத்தின் மேல் ருத்தேனியம், இரிடியம் ஆக்சைடு பூசிய தகடு, இல்லையென்றால் போரான் கலந்த வைரப் பூச்சுத் தகடு. அதன் மேற்பரப்பிலேயே கரிமப் பொருளை எரித்துவிடுவது. கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 கிலோ சிஓடி என்றால் அதை எரிக்க 1 கிலோ ஆக்சிஜன் வேண்டும் என்று அர்த்தம். 8 கிராம் ஆக்சிஜன் செய்யும் வேலையை மின்சாரம் செய்ய 26.8 ஆம்பியர்-மணி ஆகும். அப்படியென்றால் 1 கிலோவுக்கு 3,350 ஆம்பியர்-மணி. 5 வோல்ட்டில் ஓட்டினால் கிட்டத்தட்ட 17 யூனிட், அதுவும் ஒரு ஆம்பியர்கூட வீணாகாமல் இருந்தால். சிஓடி 10,000 உள்ள தண்ணீர் 1,000 லிட்டரில் 10 கிலோ இருக்கிறது. 170 யூனிட்! ஒரு கிலோலிட்டருக்கு!

அதே 10 கிலோவைச் சாண எரிவாயுக் கலம் மாதிரி காற்றில்லாத தொட்டியில் நுண்ணுயிர்களிடம் விட்டால் ஒரு கிலோவுக்கு 350 லிட்டர் என்ற கணக்கில் 3.5 கன மீட்டர் மீத்தேன் வரவேண்டும். பாதி கிடைத்தாலும் ஒரு கிலோ சிலிண்டர் காஸுக்கு மேல் ஆயிற்று. ஒரு பக்கம் செலவு, இன்னொரு பக்கம் வரவு. சர்க்கரையை மின்சாரத்தால் எரிக்கிறேன் என்று யாராவது விலை சொல்லிக்கொண்டு வந்தால் இந்தக் கணக்கை அவர் முன்னால் வையுங்கள்.

மின்திரட்டலும் சர்க்கரையை எடுக்காது. கரைந்த சர்க்கரையும் சின்ன அமிலங்களும் திரளில் ஒட்டுவதில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கும், பிஓடி (அழுக்கைத் தின்ன நுண்ணுயிர் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) பெரும்பகுதி அப்படியே இருக்கும். இந்தத் துறையில் நடக்கும் ஏமாற்றத்தில் முக்கால்வாசி இங்கேதான், தெளிந்த தண்ணீர் உள்ள கிளாஸை வெயிலில் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சோதிக்க லேப் தேவையில்லை. அந்தத் தெளிந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் முக்கால் அளவு ஊற்றி, ஒரு சொட்டு ஓடைச் சேறு சேர்த்து, தளர மூடி, மூன்று நாள் நிழலில் வையுங்கள். புளித்துக் கலங்கி வாடை அடித்தால் சர்க்கரை போகவில்லை.

அதனால் என் யோசனை இதுதான்: சர்க்கரையை நுண்ணுயிருக்குக் கொடுங்கள், நுண்ணுயிர் தொடாத நிறத்தையும் கலங்கலையும் தகட்டுக்குக் கொடுங்கள். தகடு கடைசியில் வரவேண்டும். அப்படி வைப்பதில் வேறு லாபமும் இருக்கிறது. நன்றாகச் செரித்து வெளிவரும் தண்ணீரின் பிஎச் 7 பக்கம் இருக்கும், அலுமினியம் நன்றாகத் திரளுவதும் 6-க்கும் 8-க்கும் இடையில்தான். பைகார்பனேட் சேர்ந்திருப்பதால் மின்கடத்தலும் கூடியிருக்கும், உப்புப் போடவேண்டிய தேவை குறையும்.

தகட்டுக்கு முன்னால்

பல்ப்பர் தண்ணீரை ஒரு தொட்டியில் இரண்டு மூன்று நாள் அசைக்காமல் விடுங்கள். பிஎச் இறங்க இறங்கப் பெக்டின் தானாகவே திரிந்து மேலே ஆடையாகக் கட்டும், மேல்பக்கம் கறுத்தும் அடிப்பக்கம் ஆரஞ்சு பழுப்பாக வழவழவென்றும் இருக்கும். கனமான ஆடை, தட்டுக்கூடை வைத்து அள்ளலாம். இதை அள்ளி எடுப்பது காசில்லாத சுத்திகரிப்பு. பலர் இந்த வாடைக்குப் பயந்து முதல் நாளே சுண்ணாம்பைக் கொட்டிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம், ஆடை கட்டி அள்ளிய பிறகு சுண்ணாம்பு போடுங்கள். கரைத்த சுண்ணாம்புப் பாலாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பிஎச் பேனாவால் பார்த்துக்கொண்டே, 6.5 வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். தரையில் குவித்துவைத்து மழையில் நனைந்த சுண்ணாம்பு பாதிக்குமேல் வேலை செய்யாது, அதை நம்பி மூட்டை எண்ணிப் போடாதீர்கள், பேனா காட்டுவதை நம்புங்கள்.

பிறகு காற்றில்லாத தொட்டி. அதைக் கட்டுவது தனிக் கதை, இங்கே இரண்டு விஷயம் மட்டும். காப்பித் தண்ணீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைவு, சாணக்கரைசல் சேர்த்தால்தான் உயிர் பிடிக்கும். பல்ப்பர் ஓடும் நாளில் தொட்டியைத் தொடங்கினால் அது தயாராவதற்குள் சீசனே முடிந்துவிடும், அதனால் ஒரு மாதம் முன்பே சாணம் ஊற்றி, பிறகு காப்பித் தண்ணீரைத் தினமும் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும். மலைக்குளிரில் இது இன்னும் மெதுவாக நடக்கும். மின்தகட்டுக்கு இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை, சுவிட்ச் போட்டால் ஓடும், ஒன்பது மாதம் சும்மா கிடந்தாலும் சாகாது, வருடத்தில் மூன்று மாதம் மட்டும் ஓடுகிற தொழிலுக்கு அதன் உண்மையான பலமே அதுதான்.

ஒரு லிட்டரில் பாருங்கள்

பெரிய பெட்டி செய்வதற்கு முன் ஜாடிச் சோதனை செய்தே ஆகவேண்டும். ஒவ்வொரு எஸ்டேட் தண்ணீரும் ஒவ்வொரு மாதிரி, ஒரே எஸ்டேட்டில் நவம்பர் தண்ணீரும் ஜனவரித் தண்ணீரும்கூட ஒன்றில்லை.

வேண்டியவை: 30 வோல்ட் 5 ஆம்பியர் பெஞ்ச் பவர் சப்ளை (மொபைல் ரிப்பேர் கடைகளில் வைத்திருப்பது), ஒரு லிட்டர் பிளாஸ்டிக் ஜாடி, 3 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு அலுமினியத் துண்டுகள், பிஎச் பேனா, மின்கடத்தல் காட்டும் பேனா. தகடு ஜன்னல் பிரேமில் வரும் பூச்சுப் போட்டதாக இருக்கக்கூடாது. அந்தப் பூச்சு மின்சாரத்தைத் தடுக்கும். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள்.

இரண்டு தகடும் 1 சென்டிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்க வேண்டும். தண்ணீருக்குள் முங்கும் பகுதி 10-க்கு 5 சென்டிமீட்டர் என்றால் 50 சதுர சென்டிமீட்டர். அதில் 0.5 ஆம்பியர் வையுங்கள், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லியாம்பியர் என்ற கணக்கு. 5 மில்லியாம்பியருக்குக் கீழே போனால் நேரம் இழுக்கும், 20-ஐத் தாண்டினால் தகடு சூடேறிக் குமிழி கிளப்புவதிலேயே மின்சாரம் போகும்.

வோல்ட் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். தண்ணீரின் மின்கடத்தல் சென்டிமீட்டருக்கு 1 மில்லிசீமன்ஸ் மட்டும் இருந்தால் இந்த இடைவெளியைத் தாண்டவே 10 வோல்ட் போய்விடும். 3 மில்லிசீமன்ஸ் இருந்தால் 3.3 வோல்ட் போதும், தகட்டு மேற்பரப்பில் நடக்கும் வேலைக்கு ஒன்றோ ஒன்றேகாலோ சேர்த்து நாலரை வோல்ட் என்று வையுங்கள். அதே அழுக்கை எடுக்க இரண்டரை மடங்கு கரண்ட் வித்தியாசம்! இதற்காகத்தான் உப்புப் போடச் சொல்கிறார்கள், லிட்டருக்கு 1 கிராம் சாப்பாட்டு உப்பு சுமார் 2 மில்லிசீமன்ஸ் கூட்டும். நான் உப்புக்கு எதிரி இல்லை, ஆனால் அந்தத் தண்ணீர் கடைசியில் காப்பிச் செடிக்கோ மிளகுக் கொடிக்கோ போகப்போகிறது என்றால் ஒரு கிலோலிட்டருக்கு ஒரு கிலோ உப்பு தோட்டத்துக்குப் போகிறது. முடிந்தவரை தகட்டு இடைவெளியைக் குறைத்துப் பாருங்கள், அதற்கும் சரிவராவிட்டால் உப்பு.

சுவிட்ச் போட்டதும் மைனஸ் தகட்டிலிருந்து பால்போல நுண்குமிழி எழும். ஐந்து பத்து நிமிடத்தில் மேலே பழுப்பு நுரை கட்டும், தண்ணீருக்குள் சாம்பல் நிறத் துணுக்குகள் சுழல்வது தெரியும். கால் மணிக்கு ஒருதரம் தகட்டுக்குப் பக்கத்திலிருந்து 20 மில்லி எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி நேரம் எழுதி வையுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டினால் நான்கு குப்பி. அரை மணி படியவிட்டு வெள்ளைத்தாள் முன் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். எந்தக் குப்பிக்குப் பிறகு நிறம் மாறவில்லையோ அதுதான் உங்கள் அளவு. 0.5 ஆம்பியரில் ஒரு மணி நேரம் என்றால் லிட்டருக்கு 0.5 ஆம்பியர்-மணி. ஒரு ஆம்பியர்-மணிக்கு 0.336 கிராம் அலுமினியம் கரையும் என்பதால், நீங்கள் சேர்த்தது லிட்டருக்கு 168 மில்லிகிராம். இரண்டாவது குப்பியிலேயே தெளிந்துவிட்டால் பாதி போதும்.

நான்காவது குப்பியும் டீ மாதிரியே இருந்தால் பிஎச் பாருங்கள். 5-க்குக் கீழேயோ 9-க்கு மேலேயோ இருந்தால் அலுமினியம் திரளாமல் கரைந்தே நிற்கும். ஓட்டும்போது பிஎச் தானாகக் கொஞ்சம் ஏறும், அதனால் தொடக்கத்தில் 6 பக்கம் இருந்தால் நல்லது, 8-இல் தொடங்கினால் முடிவில் எல்லை தாண்டிவிடலாம். பிஎச்சும் சரி, நிறமும் போகவில்லை என்றால் தண்ணீரில் இன்னும் செரிக்காத சரக்கு நிறைய இருக்கிறது. பிரச்சினை தகட்டில் இல்லை, முந்தைய தொட்டியில்.

பெட்டி செய்வது

500 லிட்டருக்கு, லிட்டருக்கு 0.5 ஆம்பியர்-மணி என்று எடுத்தால் மொத்தம் 250 ஆம்பியர்-மணி வேண்டும். ஒரே ஜோடித் தகட்டில் இதைக் கொடுக்க வேண்டுமென்றால் 125 ஆம்பியரில் இரண்டு மணி நேரம். அவ்வளவு கனத்த ஒயருக்கும் பவர் சப்ளைக்கும் எங்கே போவது? அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆறு தகடுகளை வரிசையாக நிறுத்தி, முதல் தகட்டுக்கும் கடைசித் தகட்டுக்கும் மட்டும் ஒயர் கொடுங்கள். நடுவில் இருக்கிற நாலும் சும்மா நிற்கும், ஆனால் ஒவ்வொன்றின் ஒரு முகம் பிளஸாகவும் மறுமுகம் மைனஸாகவும் வேலை செய்யும். ஐந்து இடைவெளி, 25 ஆம்பியர் கொடுத்தால் ஐந்திலும் அதே 25 ஆம்பியர் ஓடும், அப்படியென்றால் மணிக்கு 125 ஆம்பியர்-மணி கணக்கு. இடைவெளிக்கு நாலரை வோல்ட் என்றால் மொத்தம் 22.5 வோல்ட். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 24 வோல்ட், 30 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை போதும். ஈரத்தில் வேலை செய்கிற ஆட்களுக்கு 24 வோல்ட் பயமும் குறைவு, 48, 60 என்று போகாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

தகடு 3 மில்லிமீட்டர் கனம், முங்கும் பகுதி 50-க்கு 50 சென்டிமீட்டர். 2,500 சதுர சென்டிமீட்டரில் 25 ஆம்பியர், அதே 10 மில்லியாம்பியர். ஒயர் கொடுக்கும் இரண்டு தகடுகளில் மட்டும் மேலே ஒரு நாக்கு நீட்டி விடுங்கள், ஒயர் முனையில் மாட்டும் செம்பு லக் அந்த நாக்கின் உச்சியில், நுரைகூட எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். நனைந்தால் ஒரு வாரத்தில் பச்சைப் பொடியாகிவிடும். ஒயர் 6 சதுர மில்லிமீட்டர்.

தகடுகளை உட்கார வைக்க மின்சாரம் கடத்தாத பெட்டி வேண்டும். பிளாஸ்டிக் ஷீட்டில் ஒட்டியது, உள்அகலம் 50 சென்டிமீட்டர், தடிமன் 7 சென்டிமீட்டர் இருந்தால் 1 சென்டிமீட்டர் இடைவெளியில் ஆறு தகடும் கச்சிதமாக இறங்கும். தகட்டின் இரண்டு ஓரமும் பெட்டிச் சுவரில் வெட்டிய பள்ளத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும். ஓரத்தில் இடம் விட்டால் மின்சாரம் நடுத்தகடுகளைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்விடும், அம்மீட்டர் 25 காட்டும், வேலை பாதிதான் நடக்கும். பெட்டியை அப்படியே 500 லிட்டர் தொட்டிக்குள் தொங்கவிடாமல் தனியாக வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

தண்ணீர் அடியில் நுழைந்து மேலே வழிய வேண்டும், குமிழியும் மேல்நோக்கித்தான் போகும் என்பதால் இரண்டும் ஒத்துப்போகும். மலைச்சரிவுதானே, மோட்டார் எதற்கு? மேல் தொட்டியிலிருந்து குழாய், ஒரு வால்வு, பெட்டி, அதற்குக் கீழே படியவைக்கும் தொட்டி. மோட்டாரில் சுற்றவிட்டால் கட்டின திரளை இறக்கை உடைத்துவிடும், பிறகு படியவே படியாது. வேகம் மணிக்கு 250 லிட்டர். கடிகாரத்தை வைத்து 10 லிட்டர் வாளி நிரம்ப 2 நிமிடம் 24 விநாடி ஆகும்படி வால்வைத் திருகிவைத்தால் சரி.

கரண்ட் கூடுதலாக ஏறி எஸ்எம்பிஎஸ் கட்டாகிக் கட்டாகி வந்தால் தண்ணீரில் மின்கடத்தல் அதிகம் என்று அர்த்தம். வழியும் வாயை இரண்டு விரல் கீழே இறக்குங்கள், முங்கும் பரப்புக் குறைந்து ஆம்பியர் இறங்கும். குறைவாக ஓடினால் வால்வைக் குறைத்து மெதுவாக விடுங்கள். ஆம்பியரை லிட்டர் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், தனியாக அந்த எண்ணுக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

செலவு? 24 வோல்ட், 25 ஆம்பியர், இரண்டு மணி நேரம், 1.2 யூனிட். எஸ்எம்பிஎஸ் தின்பதையும் சேர்த்து ஒன்றரை என்று வையுங்கள். அலுமினியம் 84 கிராம் என்று சூத்திரம் சொல்லும், நிஜத்தில் மைனஸ் முகத்தில் உருவாகும் காரமும் கொஞ்சம் அரிப்பதால் கூடவே கரையும்.

ஓட்டும்போது

பிளஸ் முகத்தில் ஆக்சைடும் மைனஸ் முகத்தில் சுண்ணாம்புப் படிவும் சேர்ந்து நாளாக நாளாக ஆம்பியர் விழும். மருந்து, திசை மாற்றுவது. எல்லாத் தகடும் அலுமினியம் என்பதால் பிளஸ் மைனஸ் மாற்றினால் ஒன்றும் கெடாது. இரட்டைத் துருவ சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று போட்டுவிட்டால் 15, 20 நிமிடத்துக்கு ஒருதரம் திருப்பிவிடலாம், திருப்பும் முன் பவரை நிறுத்திவிட்டுத் திருப்புங்கள். தகடுகளும் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும்.

ஹைட்ரஜனை மறக்க வேண்டாம். இந்தப் பெட்டி மணிக்கு 50 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும் வாயு அது. திறந்த கொட்டகையில், கூரைக்கு அடியில் தேங்காதபடி வையுங்கள். பெட்டிக்கு மூடி போடக்கூடாது, பக்கத்தில் பீடி கூடாது, சுவிட்சும் எஸ்எம்பிஎஸ்ஸும் பெட்டிக்கு நேர் மேலே இருக்கக்கூடாது. மெயின் பக்கம் எர்த் கசிவுக்கு விழும் பிரேக்கர் கட்டாயம். தகட்டில் கை வைப்பதற்கு முன் பிளக்கை உருவிவிட வேண்டும், சுவிட்சை அணைத்தது போதாது.

வழிந்து வரும் தண்ணீரைக் கூம்பு அடி உள்ள தொட்டியில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள், ராத்திரி முழுக்க விட்டால் இன்னும் நல்லது. மேலே நுரை, நடுவில் தெளிவு, அடியில் வண்டல் என்று மூன்றாகப் பிரியும். நடுவில் குழாய் வைத்துத் தெளிவை மட்டும் இறக்குங்கள்.

இந்தத் தண்ணீரை என்ன செய்வது என்பது உங்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உத்தரவில் இருக்கிற எண்ணைப் பொறுத்தது. பொது விதிமுறையில் ஓடை, ஆறு என்றால் பிஓடி 30, சிஓடி 250, பிஎச் 5.5-இலிருந்து 9, பாசனத்துக்கு நிலத்தில் விட பிஓடி 100. ஓடையில் விடுவதை மறந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அடுத்த நாள் பல்ப்பரின் முதல் ஓட்டத்துக்கு இதையே திருப்பிவிடலாம், கடைசிக் கழுவலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் பார்ச்மென்டில் (மேலோட்டோடு இருக்கும் காப்பிக்கொட்டையில்) வாடை ஏறும். உப்புப் போட்டிருந்தால் சுற்றச் சுற்ற உப்புச் சேரும், மின்கடத்தல் பேனா அதைக் காட்டிக்கொடுக்கும். லேபுக்கு சிஓடி கொடுக்கும்போதும் உப்புப் போட்டதைச் சொல்லிவிடுங்கள், குளோரைடு அந்தச் சோதனையில் சிஓடி மாதிரியே கணக்கில் ஏறும்.

இரும்புத் தகடு மலிவாயிற்றே, அதைப் போடக்கூடாதா? போடலாம், ஆம்பியர்-மணிக்கு 1.04 கிராம் கரையும், திரளும் கனமாகச் சீக்கிரம் படியும். ஆனால் காப்பித் தண்ணீரில் ஒரு வில்லங்கம் உண்டு. அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கரும்பச்சையாகி அப்புறம் மை மாதிரிக் கறுத்துவிடும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சின அதே சங்கதி. போதிய அளவு இரும்பு கரைந்து, காற்றும் பட்டால் அந்தக் கறுப்பும் திரளோடு படிந்துவிடும், ஆனால் அளவு கொஞ்சம் குறைந்தாலும் முன்பைவிட மோசமான நிறத்தில் தண்ணீர் வெளியே வரும். நிறத்தை எடுக்கத்தான் தகடு வைக்கிறோம் என்பதால் நான் அலுமினியத்தின் பக்கம். இரும்பு வைத்துக் கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றும் முறையும் இருக்கிறது, பிஎச் 3 பக்கம் நன்றாக எரிக்கும், ஆனால் 1 கிலோ சிஓடிக்கு 50 சதவீதப் பெராக்சைடு நாலு கிலோவுக்கு மேல் வேண்டும், பழம் பறிக்கிற ஆட்கள் நடமாடும் இடத்தில் அந்தக் கேனை வைத்துக் காப்பது வேறு தலைவலி.

வண்டல்

அலுமினியம் மட்டும் கணக்கிட்டால் 500 லிட்டருக்குக் காய்ந்த ஹைட்ராக்சைடு கால் கிலோ, அதோடு பிடித்த அழுக்கும் சேரும். ஈரத்தில் பார்த்தால் வாளி வாளியாக இருக்கும், மணல் படுகையில் ஊற்றிக் காயவைத்தால் மெல்லிய ஓடாகச் சுருண்டுவிடும். இதைக் குப்பைக்குழியில் தள்ளி எருவோடு செடிக்குப் போடுவது சரியில்லை. மலை மண் பெரும்பாலும் புளிப்பு மண், பிஎச் 5-க்குக் கீழே போன மண்ணில் அலுமினியம் கரைந்து வேரைக் கெடுக்கும், பாஸ்பரஸையும் கட்டிவைத்துக்கொள்ளும். தோட்டத்து மண்ணுக்கு எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும் என்பதைத் தாண்டிக்குடி காப்பி ஆராய்ச்சி நிலையத்தில் மண் கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் சுண்ணாம்பு போட்டிருக்கிறோமே என்று வண்டலைக் கொட்டவேண்டாம். காய்ந்ததைத் தனியாக மூட்டை கட்டி, மழை படாமல் வைத்து, வாரியம் சொல்லும் இடத்தில் சேர்ப்பதுதான் முறை. முதல் தொட்டியில் அள்ளின பெக்டின் ஆடையில் இந்தத் தொல்லை இல்லை, அது பழத்தோலோடு சேர்ந்து எருவாகட்டும். இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் வேலை முடிந்ததும் பெட்டியை வடித்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். வெள்ளையாகப் பொருக்குத் தட்டினால் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைசலில் ஊறவைத்துப் பிரஷ் போடுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டாம், அலுமினியத்தோடு கொதித்து ஹைட்ரஜனைக் கக்கும். பிப்ரவரியில் பல்ப்பர் நின்றதும் தகடுகளைக் கழற்றித் துடைத்துக் காயவைத்துத் தராசில் போட்டு எடையை எழுதிவையுங்கள். புதிதில் ஒவ்வொன்றும் சுமார் 2 கிலோ இருந்திருக்கும். எடை பாதிக்கு வந்துவிட்டதென்றால், அல்லது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசித்துளை தெரிகிறதென்றால், அந்தத் தகட்டை அடுத்த சீசனுக்கு வைக்காமல் பழைய அலுமினியக் கடையில் போட்டுவிட்டுப் புதிது வெட்டுங்கள்.